கண்மாய்ப் பாசனத்தில் ஊர் கூடிப் பகிர்ந்துகொண்டது எதை? குடிமராமத்தை முன்வைத்து ஒரு விவாதம்

முதுகுளத்தான்

குடிமராமத்து என்று கேட்டதும் இன்று பெரும்பாலோர் மனத்தில் எழுவது, ஊரார் மண்வெட்டியும் கூடையுமாகத் திரண்டு கண்மாயைத் தூர்வாரும் காட்சிதான். 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கிய பிறகு அந்தக் காட்சி இன்னும் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. தூர்வாருவது முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளில் ஊர் கூடிச் செய்த காரியங்களுள் அது கோடையில் வந்துபோகும் ஒரு வேலை மட்டுமே. நெல்லைக் கரைசேர்த்தது தண்ணீரைப் பங்கிட்ட ஒழுங்கு. அந்த ஒழுங்கைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

எங்கள் பகுதிக்கு ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 830 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆவணி, புரட்டாசியில் ஈரமில்லாத புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்பார்கள். குழியடிச்சான், நொறுங்கன், சித்திரைக்கார் போன்ற பழைய ரகங்கள் இந்தப் புழுதி விதைப்புக்கும் பயிரின் நடுவே வரும் வறட்சிக்கும் பழகியவை. மழை பெய்யும்வரை பயிர் மழையிலேயே வளரும். கண்மாய்த் தண்ணீர் தேவைப்படுவது மழை நின்ற பிறகு, கதிர் வாங்கிப் பால் பிடிக்கும் நாள்களில். அப்போது இரண்டு மூன்று நனைப்புக் கிடைத்தால் விளைச்சல், கிடைக்காவிட்டால் வைக்கோல். எனவே எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் வேண்டும், அதே நேரத்தில் கண்மாயில் தண்ணீர் குறைந்துகொண்டிருக்கும் என்ற இக்கட்டை மனத்தில் வைத்துத்தான் ஊர் தன் விதிகளை வகுத்தது.

கண்மாயிலிருந்து தண்ணீர் விடும் மடையை எந்த நாளில் திறப்பது, மேல்மடைக்கு எத்தனை நாழிகை, பள்ளமடைக்கு எத்தனை, கண்மாய் பாதிதான் பெருகியிருந்தால் எந்தப் பற்றுக்கு (வயற்பகுதிக்கு) தண்ணீர் விட்டு எதைக் கைவிடுவது என்பவற்றை ஊர்க்கூட்டம் தீர்மானித்தது. தீர்மானித்தபடி தண்ணீர் பாய்ச்ச நீர்க்கட்டி இருந்தார். அவரை நீர்ப்பாய்ச்சி என்றும், மடையன் என்றும், மடைக்குடும்பன் என்றும் ஊருக்கு ஊர் வேறுவேறாக அழைத்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரே ஆனாலும் தம் வயலின் வாய்க்காலைத் தாமே வெட்டிக்கொள்ளக் கூடாது; மண்வெட்டி நீர்க்கட்டியின் கையில்தான் இருக்க வேண்டும். என் கணிப்பில் இந்த ஒரு விதிதான் கூட்டுப் பாசனத்தின் உயிர்நாடி. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கல்வெட்டுப்பித்தன்

முதுகுளத்தார் ஐயா தொட்டிருக்கும் இடம் மிகச் சரியானது. இதன் வேர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன, ஆனால் அந்தக் குடவோலை எதற்காக எடுக்கப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு ஏரி வாரியத்துக்கும் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கவே அந்த விதிகள் எழுதப்பட்டன. ஒரு நீர்நிலையைப் பார்த்துக்கொள்ளத் தனிக் குழுவே அமைத்து, அதன் உறுப்பினர் ஆண்டுதோறும் மாற வேண்டும் என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். ஏரிப்பட்டி என்ற பெயரில் ஏரியின் பராமரிப்புக்கென்றே நிலம் ஒதுக்கியதையும், ஏரியில் ஓடம் விட்டு வண்டல் அள்ளுவதற்கு நிவந்தம் (நிலையான கொடை) வைத்ததையும் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் காணலாம்.

நிலத்தையே பொதுவில் வைத்திருந்த ஊர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைச் சீமையைக் கணக்கெடுத்த கும்பினி அதிகாரிகள், ஒருவருக்கே உரிய ஏகபோகம், நிலையாகப் பிரித்துக்கொண்ட அருதிக்கரை, பங்காளிகள் பொதுவாக அனுபவித்த சமுதாயம் என ஊர்களை வகைப்படுத்தினார்கள். சில ஊர்களில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை சீட்டுப்போட்டு வயல்களை மாற்றிக்கொள்ளும் கரையீட்டு முறை இருந்தது. மடைக்கு அருகிலுள்ள நல்ல வயலும் கடைமடையின் மோசமான வயலும் முறைவைத்து எல்லோர் கைக்கும் வந்துபோகும் என்பதால், தண்ணீருக்கான சச்சரவின் அடிவேரையே அது பிடுங்கிவிடுகிறது.

பாசனப் பொறியாளர் (பணி ஓய்வு)

கல்வெட்டுகளின் பெருமையை மறுக்கவில்லை. ஆனால் கண்மாய்கள் எப்போது, எதனால் சீரழிந்தன என்ற கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்துதான் விடை தேட வேண்டும்.

முன்பு ஆட்சியாளரின் வருவாய் களத்துமேட்டில், விளைந்த நெல்லின் பங்காகவே கிடைத்தது. கண்மாய் உடைந்தால் விளைச்சல் குறையும், விளைச்சல் குறைந்தால் மேல்வாரம் எனும் அந்தப் பங்கும் குறையும். எனவே கரையைப் பலப்படுத்துவதில் அரசருக்கும் பாளையக்காரருக்கும் நேரடியான நலன் இருந்தது. இராமநாதபுரமும் சிவகங்கையும் 1803-இல் நிரந்தர ஜமீன்களாகி ஆண்டுக்கு இவ்வளவு பேஷ்குஷ் (அரசுக்குக் கட்டும் கப்பம்) என்று பணத்தொகை நிலைப்பட்டதும், மற்ற மாவட்டங்களில் உழவரிடமே நேராக வரி வாங்கும் இரயத்துவாரி முறையில் தீர்வை பணமாகியதும், அந்த நலன் தளர்ந்தது. பெரிய மராமத்தை அரசு பார்க்க வேண்டும், சிறிய மராமத்தைக் குடிகள் பார்க்க வேண்டும் என்று பிரிக்கப்பட்டது. குடிகள் செய்யவில்லையா, சட்டம் போடுவோம் என்று 1858-இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வழக்கமாகத் தர வேண்டிய உழைப்பைத் தராதவர் அந்த உழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு கட்ட வேண்டும் என்பது அதன் விதி. அதனாலும் பெரிய பலன் இல்லை. 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கி, ஒவ்வோர் ஏரியாக அளந்து வரைபடமும் குறிப்பும் எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்பேடுகள் எங்கள் காலத்திலும் அலுவலகத்தில் பயன்பட்டன. மிகுநீர் வழியும் கலிங்கின் உயரத்தில் இரண்டு ஊர்களுக்கு இடையே தகராறு வந்தால், முதலில் புரட்டுவது அவற்றைத்தான்.

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, நெடுங்காலம் மராமத்தே காணாத ஜமீன் கண்மாய்கள் ஆயிரக்கணக்கில் அரசின் கைக்கு வந்தன. இன்று தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்களில் 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு (பாசன நிலம்) உடையவை பொதுப்பணித்துறை வழிவந்த நீர்வளத்துறையின் பொறுப்பிலும், மற்றவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருக்கின்றன. ஒரு சங்கிலியில் அமைந்த கண்மாய்களில் மேலது ஒரு துறைக்கும் கீழது இன்னொன்றுக்கும் உரியதாக இருப்பதால் வரும் தொல்லையை, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கே தெரியும்.

மடைக்காரர் பேரன்

என் பாட்டனாரும் அவருடைய தந்தையாரும் மடை பார்த்தவர்கள். இங்கே நீர்க்கட்டியைப் பற்றி எழுதப்பட்டிருப்பதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது.

மார்கழிக் குளிரில் இரவெல்லாம் வாய்க்காலில் நின்று, வயல் வயலாக மடை மாற்றி, நண்டு வளையும் எலி வளையும் அடைத்து, கடைசி வயல் நனைந்ததா என்று காலால் தடவிப் பார்த்துத் திரும்புவார்கள். கண்மாய் நிறைந்திருக்கும் புயல் நாளில் கரையில் ஊற்றுக்கண் தெரிகிறதா என்று சுற்றிவருவதும், கலிங்கில் அடைத்த மண்ணை எந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்வதும், தண்ணீருக்குள் மூழ்கி மடையின் அடைப்பைத் திறப்பதும் அவர்கள் வேலை. மூழ்கியவர்கள் எல்லோரும் மேலே வந்ததில்லை. பல ஊர்களின் மடைக்கருப்பு, மடைச்சாமி கோயில்களுக்குப் பின்னால் மடையில் உயிர்விட்டவர்களின் கதை சொல்லப்படுகிறது.

இந்த வேலைக்குக் கூலி நெல்லாகக் கிடைத்தது. களத்தில் பொலி அளக்கும்போது, நிலத்துக்காரர் தம் நெல்லை வீட்டுக்கு ஏற்றும் முன்பே, நீர்க்கட்டிக்கும் கொல்லருக்கும் தச்சருக்கும் வண்ணாருக்கும் உரிய சுதந்திரத்தை, அதாவது வழக்கப்படி சேர வேண்டிய நெற்பங்கை, ஒதுக்கிவிட வேண்டும் என்பது வழக்கம். இதைக் கூட்டுறவின் அழகு என்று எழுதுகிறவர்கள், நீர்க்கட்டிகளில் மிகப் பெரும்பாலோர் தலித் சமூகங்களைச் சேர்ந்தவர்களாக ஏன் இருந்தார்கள் என்று கேட்பதில்லை. ஊர்க்கூட்டம் நடந்த சாவடிக்குள் அவர்கள் உட்கார முடியாது. தீர்மானம் முடிந்த பிறகு வெளியே நின்று கேட்டுக்கொள்ள வேண்டும். கண்மாய்த் தண்ணீரைத் துளித்துளியாகப் பங்கிட்டவர் வீட்டுப் பெண்கள், ஊர்க் கிணற்றில் இறைக்கக் கூடாது என்பதால், அதே கண்மாயின் ஊற்றில் இறங்கிக் குடிநீர் மொண்டார்கள். நீர்க்கட்டி நடுவுநிலையானவர் என்கிறீர்கள். அவருக்கு அந்த ஆயக்கட்டில் சொந்த நிலமே இல்லாதிருந்ததும் அந்த நடுவுநிலைக்கு ஒரு காரணம். உழைப்புக் கடமையும் அப்படித்தான். ஒருவர் தம் நிலத்தின் அளவுக்கேற்பக் கரைவேலைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது விதி. பெரிய நிலத்துக்காரர் அனுப்பிய ஆள் அவருடைய பண்ணையாள்.

ஆகவே, முதுகுளத்தார் ஐயா, ஊர் பகிர்ந்துகொண்டது எதை என்று கேட்பதற்கு முன், பகிர்ந்துகொண்ட ஊர் யார் என்று கேட்க வேண்டும்.

கல்வெட்டுப்பித்தன்

நண்பர் எழுதியிருப்பதை மறுக்க என்னிடம் சான்றில்லை. துணை சேர்க்கவே சான்று உண்டு. உத்திரமேரூரில் குடவோலையில் பெயர் எழுதப்பட, வரி செலுத்தும் கால் வேலி நிலமாவது வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும்; வேதம் கற்றிருக்க வேண்டும். பிராமணர் சபையின் விதிகள் அவை. தஞ்சையின் சமுதாய ஊர்களில் பங்கு என்பது மிராசுதார்களுக்குள் இருந்த பங்கு. சேற்றில் இறங்கியவர்கள் அந்தப் பங்கில் இல்லை. தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றை 1952-இல் கொண்டுவர வேண்டியிருந்ததை நினைத்தால் போதும்.

ஆயினும் ஒன்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. தங்களுக்குள் மட்டுமே என்றாலும், வறட்சிக் காலத்தில் பலமுள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடாமல் முறை வகுத்த அறிவு உண்மையானது. அது யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வியோடு சேர்த்தே அதைப் படிக்கலாம், தூக்கி எறிய வேண்டியதில்லை.

வன்னிக்குளம்

வன்னியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்துக் குளங்களும் இதே வகையானவை. காலபோகம் வடகீழ் மழையை நம்பியது, சிறுபோகம் குளத்தில் மிஞ்சிய தண்ணீரை நம்பியது. நீங்கள் பேசும் பற்றாக்குறைப் பங்கீட்டில் இலங்கையில் ஒரு வழக்கம் இருக்கிறது. சிங்களக் கிராமங்களில் அதற்குப் பெத்ம என்று பெயர். குளத்தில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், குளத்துக்கு அருகிலுள்ள வயற்பகுதியை மட்டும் அந்தப் போகத்துக்கு எல்லோருக்கும் தற்காலிகமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். தூரத்தில் காணி உள்ளவருக்கும் அருகே ஒரு துண்டு கிடைக்கும். அறுவடை முடிந்ததும் காணி உரியவரிடம் திரும்பிவிடும். எல்லா வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு எல்லாப் பயிரையும் கருகவிடுவதைவிட, நிலத்தைச் சுருக்கித் தண்ணீரை முழுமையாகக் கொடுப்பது அதன் நோக்கம். நீண்ட வாய்க்காலில் வீணாகும் தண்ணீரும் மிஞ்சும்.

பிரித்தானியர் 1856-இல் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் இயற்றியபோது, இத்தகைய பழைய வழக்கங்களுக்குச் சட்ட வலு கொடுக்க முயன்றார்கள். மட்டக்களப்புப் பக்கம் விவசாயிகளே வட்டவிதானையைத் தெரிவு செய்து நீர்ப் பங்கீட்டை அவரிடம் ஒப்படைத்தார்கள். விதைப்பு எப்போது, தண்ணீர் திறப்பு எப்போது, மாடுகளை எந்தத் திகதிக்கு முன் வயல்வெளியிலிருந்து அகற்ற வேண்டும் என்பவற்றைப் போகம் தொடங்கும் முன் கூட்டம் போட்டு முடிவு செய்வது இன்றும் தொடர்கிறது. மடைக்காரர் பேரன் எழுப்பிய கேள்வி எங்களுக்கும் பொருந்தும்: மட்டக்களப்பில் போடியார் எனும் பெருநிலக்காரரின் நிலத்தில் உழைத்த முல்லைக்காரருக்குக் கூட்டத்தில் எவ்வளவு குரல் இருந்தது என்பது தனிக் கதை.

மேலூர் மங்கை

பண்பாட்டுப் பக்கத்தை ஒருவரும் தொடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர் கரையில் நின்று சாமி கும்பிட்டுத் துண்டை வீசியதும், பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள் உட்பட எல்லோரும் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக இறங்குவார்கள். பிடித்த மீனை விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும் என்பது பல ஊர்களில் எழுதப்படாத விதி. தண்ணீருக்குப் பங்கு உண்டு, மீனுக்குப் பங்கு இல்லை. ஆயக்கட்டில் ஒரு குழி நிலம்கூட இல்லாதவருக்கும் அன்று கண்மாய் சொந்தம்.

கண்மாய்க் கரையில் அய்யனார் கோயில் இருப்பதும், புரவியெடுப்பில் மண்குதிரை சுமந்து வருவதும், முளைப்பாரியைக் கண்மாயில் கரைப்பதும் வெறும் வேடிக்கை அல்ல. கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதும், கண்மாயின் நிர்வாகம் யார் கையில் என்பதும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்களாக இருந்தன. அதனால்தான் மரியாதைத் தகராறில் திருவிழா நின்றுபோன ஊர்களில் மடை மராமத்தும் சேர்ந்தே நின்றுபோயிருக்கிறது. இதை அதிகாரிகள் நடத்தும் பயிற்சி வகுப்புகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொன்று. நாற்று நட்டதும் களை எடுத்ததும் கதிர் அறுத்ததும் பெண்கள். ஒருத்தி வயலுக்கு மற்றவர்கள் கைமாற்றாக இறங்கி, அடுத்த நாள் அவள் அவர்கள் வயலுக்கு இறங்கியதால்தான் சிறு நிலக்காரர்கள் கூலி இல்லாமல் நட்டு முடித்தார்கள். அது எந்தக் கல்வெட்டிலும் இல்லை, எந்தச் சட்டத்திலும் இல்லை. கூட்டு உழைப்பு என்று எழுதும்போது கரைமண் சுமந்ததை மட்டும் எழுதாதீர்கள்.

முதுகுளத்தான்

மடைக்காரர் பேரனின் கேள்வி நியாயமானது. அதற்குப் பிறகு இந்த இழையின் திசை மாறியதும் நல்லதே. என் நிலைப்பாட்டை இப்படித் தெளிவுபடுத்துகிறேன். சாதியால் கட்டிவைக்கப்பட்ட நீர்க்கட்டி முறை திரும்பக் கூடாது. ஆனால் அது போன இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. வசதியுள்ளவர்கள் கிணறு வெட்டி மோட்டார் வைத்தார்கள். 1970-களுக்குப் பிறகு அவர்களுக்குக் கண்மாய்த் தண்ணீர் தேவையில்லை. கண்மாயில் தண்ணீர் நின்று கிணற்றில் ஊறினால் போதும், மடையைத் திறக்க வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார்கள். பணமும் பேச்சும் உள்ளவர்கள் கூட்டத்துக்கு வராமல் போனதும் கூட்டம் வலுவிழந்தது. 1960-களில் தமிழ்நாட்டில் 9 லட்சம் ஹெக்டேர் அளவுக்கு இருந்த ஏரிப்பாசனப் பரப்பு இன்று ஏறத்தாழ பாதியாகிவிட்டதற்குத் தூர் மட்டும் காரணமில்லை. தூர்வாரி, கரை உயர்த்தி, புதிதாக இரும்புக் கதவு வைத்த கண்மாய்களிலும், கதவைத் திருக ஆளில்லாமல் அவரவர் வாய்க்காலை அவரவர் வெட்டிக்கொள்வதைப் பார்க்கிறோம்.

இராஜசிங்கமங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அத்தனை மடைக்கும் தண்ணீர் முறை வகுத்தவர்களின் கணக்கு எங்கே போயிற்று என்பதே என் ஆதங்கம்.

பாசனப் பொறியாளர் (பணி ஓய்வு)

2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வந்தன. நிலவுடைமையாளர் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சங்கம் என்றால் நடைமுறையில் ஒப்பந்த வேலை பார்க்கும் அமைப்பு என்றே பல இடங்களில் பொருளாகிவிட்டது. குத்தகைக்கு உழுபவர், தண்ணீர் பாய்ச்சுபவர், கூலிக்கு நடுபவர் ஆகியோருக்கு அதில் இடமில்லை. பத்தாம் நூற்றாண்டின் கால் வேலி விதி இன்னும் போகவில்லை என்று கல்வெட்டுப்பித்தன் எழுதலாம். தானம் அறக்கட்டளை 1990-களிலிருந்து அமைத்துவரும் வயலகங்கள் எனும் கண்மாய் விவசாயிகள் சங்கங்களில் நீர்க்கட்டிகளையும் நிலமற்றோரையும் சேர்த்துக்கொள்ள முயன்றிருக்கிறார்கள். தொண்டு நிறுவனம் நிதியோடு நிற்கும் ஊர்களில் அது நன்றாகவே நடக்கிறது.

நீர்க்கட்டியைச் சாதியிலிருந்து பிரித்து, திறமைக்கு ஊதியம் பெறும் பணியாளராக்க வேண்டுமானால், அந்த ஊதியம் எங்கிருந்து வரும் என்பதுதான் நடைமுறைக் கேள்வி. நெல் களத்துக்கே வராமல் அறுவடை இயந்திரத்திலிருந்து நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் காலத்தில், களத்தடிச் சுதந்திரத்தை யாரிடம் கேட்பது?

மடைக்காரர் பேரன்

பணம் கண்மாயிலேயே இருக்கிறது, ஐயா. மீன்பாசிக் குத்தகை, உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களின் ஏலம், கரைப்புளி, பனை ஆகிய எல்லாவற்றுக்கும் விலை உண்டு. சட்டப்படி அந்த வருமானம் துறைகளுக்கும் உள்ளாட்சிக்கும் போகிறது. பல ஊர்களில் சட்டத்தைப் பாராமல் ஊரே ஏலம் விட்டு, அந்தப் பணத்தைக் கோயில் கொடைக்குச் செலவிடுகிறது. கொடைக்குப் போவதில் ஒரு பங்கைப் பிரித்து, மடை பார்ப்பவருக்குப் போகத்துக்கு இவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அந்த வேலைக்கு எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்துப் பாருங்கள்.

எங்கள் ஊரில் கடந்த ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னேன். சாவடிக்கு உள்ளே உட்கார்ந்துதான் சொன்னேன். அந்த மாற்றம் வந்திருக்கிறது. மீன் பணத்தைத் தருவதில் அவர்களுக்குத் தயக்கமில்லை. வேலைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற வரியை எழுத வேண்டாம், வழக்கமாக வருகிற குடும்பமே வரட்டும் என்றார்கள். அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லி வந்திருக்கிறோம். புரட்டாசிக்குள் முடிவு தெரிந்தால் இங்கே எழுதுகிறேன்.